இனிப்பு தீர்ந்த பிறகு

(மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சனிக்கிழமை மாலை, தமிழ் நண்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஸ்பார்க்ளிங் ஒயின் என்கிற குமிழி எழும் ஒயினைப் பற்றித் தமிழில் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் என் மனைவி கேட்டது, "குடியைப் பத்தி மேடை ஏறிப் பேசப் போறீங்களா?" என்றுதான். நியாயமான கேள்வி. இந்த நாட்டில் நம்மவர்களுக்கும் குடிக்கும் உள்ள கணக்கு லேசுப்பட்டதல்ல. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே பல பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பள நாளில் பணம் வீட்டு வாசலைத் தொடுவதற்குள் பாதி அங்கே போய்விடும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. கேட்டவர்கள் தொழிலாளர்களே. அதை மறந்துவிட்டு ஒயினைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்காதவரைக் குடிக்க அழைக்க நான் வரவில்லை. குடிக்கிறவர் ஒரு கிளாஸை ருசி தெரிந்து, நிதானமாகக் குடிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் வந்தேன். நம் வீட்டு விருந்துகளில் "எத்தனை போத்தல்?" என்று கேட்கிறோம். "எப்படி இருந்தது?" என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இது பல வருட வருத்தம்.

சரி, கள்ளிலிருந்தே தொடங்குகிறேன். என் தாத்தா பேராக்கில் ஒரு தோட்டத்தில் மரமேறியாக இருந்தவர். இறக்கிய கள்ளைக் குடுவையோடு காதருகே வைத்துக் கேட்பார். சின்னப் பையனாக இருந்தபோது எனக்கும் கேட்கக் கொடுப்பார். உள்ளே மழை தூறுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வரும். "வேலை நடக்குதுடா" என்பார். காலையில் இறக்கிய கள் இனிக்கும். வெயில் ஏற ஏறப் பொங்கும், விளிம்பில் நுரை கட்டும். சாயங்காலத்துக்குள் இனிப்பு போய்ப் புளிப்பு வந்துவிடும். சர்க்கரையை ஈஸ்ட் தின்கிறது. தின்றதை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. தாத்தா காதில் கேட்டது அந்த வாயு வெளியேறுகிற சத்தம்.

ஷாம்பெய்னில் நடப்பதும் இதேதான். ஒரே வித்தியாசம், அங்கே அந்த வாயுவை வெளியே விடுவதில்லை. பிரான்ஸின் வடக்கே ரீம்ஸ், எபெர்னே ஊர்களைச் சுற்றியுள்ள பகுதிதான் ஷாம்பெய்ன். குளிர் பிரதேசம். ஷார்டொனே, பினோ நுவார், மூனியே என்ற திராட்சைகள்தான் அங்கே முக்கியம். குளிரில் பழுப்பதால் அவற்றில் புளிப்பு தங்கிவிடும். முதலில் சாதாரண ஒயின் செய்கிறார்கள். அதைப் போத்தலில் ஊற்றி, லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். மூடிய போத்தலுக்குள் இரண்டாவது முறை நொதிக்கிறது. போக வழியில்லாத வாயு ஒயினுக்குள்ளேயே கரைகிறது. உள்ளே ஏறுகிற அழுத்தம் ஆறு அட்மாஸ்ஃபியர் வரை போகும். கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. அந்தக் காலத்தில் நிலவறைகளில் போத்தல்கள் வெடித்துச் சிதறுமாம். அதற்குப் பயந்து வேலையாட்கள் முகத்துக்கு இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படியும். உடனே எடுத்துவிட மாட்டார்கள். சாதாரண ஷாம்பெய்ன் குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும், அதில் 12 மாதம் அந்த வண்டலோடு என்பது அங்கே சட்டம். நல்ல ஷாம்பெய்னில் புது ரொட்டி வாசனை வருகிறதே, அது இந்த வண்டல் தருவது. முதல் தடவை அதை முகர்ந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது, அம்மா விடியற்காலையில் ஆப்ப மாவுப் பானையைத் திறக்கும்போது எழும் வாசனை. நம் மூக்குக்கு அது புதிதே இல்லை.

அந்த வண்டலை எப்படி வெளியே எடுப்பது? இங்கேதான் ஒரு பெண்மணியைச் சொல்ல வேண்டும். பார்ப்-நிக்கோல் கிளிக்கோ. 1805-ல் கணவர் இறந்தபோது அவருக்கு 27 வயது. வியாபாரத்தைத் தானே எடுத்து நடத்தினார். 1810-களில் அவருடைய நிலவறையில்தான் துளையிட்ட மேசையில் போத்தல்களைத் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்கு இறக்கும் முறை உருவானது. கழுத்தில் சேர்ந்ததை ஒரே வீச்சில் வெளியேற்றிவிடலாம். கலங்கலாக இருந்தது பளிங்கு மாதிரி ஆனது. இன்றைக்கும் அந்தப் போத்தலில் 'வூவ் கிளிக்கோ' என்று போட்டிருக்கும். வூவ் என்றால் கைம்பெண் என்று பொருள். மங்கல காரியத்தில் கைம்பெண் எதிரே வரக்கூடாது என்று சொல்லி என் பாட்டியைப் பின்கட்டிலேயே உட்கார வைத்த வீடு எங்கள் வீடு. உலகம் முழுக்கக் கல்யாணத்தில் திறக்கிற போத்தலில் ஒரு கைம்பெண்ணின் பெயர் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் பாட்டியை நினைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வண்டலை எடுத்த பிறகு போத்தலில் கொஞ்சம் இடம் காலியாகும். அதை நிரப்பும்போது சர்க்கரை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் இனிப்பும் இனிப்பின்மையும் முடிவாகிறது. பழைய காலத்தில் வாரிக் கொட்டினார்கள். ரஷ்யாவுக்குப் போனதில் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் இருந்ததாம். 2010-ல் பால்டிக் கடலில் ஓலாந்து தீவுகளுக்குப் பக்கத்தில், 19-ம் நூற்றாண்டில் மூழ்கிய ஒரு கப்பலிலிருந்து ஷாம்பெய்ன் போத்தல்கள் கிடைத்தன. சோதித்துப் பார்த்ததில் லிட்டருக்கு 150 கிராம் அளவுக்குச் சர்க்கரை. இப்போது நாம் குடிக்கிற இனிப்புக் குளிர்பானத்தில்கூட 100 கிராம் சுற்றித்தான் இருக்கும். இங்கிலாந்துக்காரர்கள்தான் இனிப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர்கள். அவர்களுக்காக 1874 அறுவடையில் புரூட் என்ற தித்திப்பில்லாத ஷாம்பெய்ன் செய்து பெயர் வாங்கியவர் மேடம் பொமெரி. அவரும் கணவரை இழந்து தொழிலை நடத்தியவர்தான்.

சர்க்கரையைக் குறைத்தால் பழத்தின் குறை எதையும் மறைக்க முடியாது. பழம் நன்றாகப் பழுக்க வேண்டும், நிலவறையில் நாள் கூட வேண்டும். தித்திப்பில்லாத ஷாம்பெய்ன் செய்வது அதனால்தான் கடினமாக இருந்தது. அதைக் குடிக்கிறவரும் அப்படித்தான் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டியிருக்கிறது.

இப்படித் தித்திப்பில்லாததை ஆங்கிலத்தில் 'டிரை' என்பார்கள். அதைச் சிலர் 'வறண்ட ஒயின்' என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எதுவும் வறண்டுபோகவில்லை. இனிப்பு இல்லை, அவ்வளவுதான் பொருள். ஆனால் கடையில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 'எக்ஸ்ட்ரா டிரை' என்று லேபிளில் இருந்தால் இன்னும் இனிப்புக் குறைவு என்று நினைப்போம். அது தப்பு. புரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை. எக்ஸ்ட்ரா டிரை என்றால் 12 முதல் 17 வரை, அதாவது புரூட்டைவிட இனிப்பு. எக்ஸ்ட்ரா புரூட் 6-க்குள். புரூட் நேச்சர் என்றால் சர்க்கரையே சேர்க்காதது, 3 கிராமுக்கும் கீழே. டெமி செக் 32-க்கு மேல், அதைப் பாயசத்தோடுகூடக் குடிக்கலாம். முதல் தடவை வாங்குகிறவர்கள் புரூட் என்ற ஒரு சொல்லை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இதற்கு வரி கடுமை, ஷாம்பெய்ன் விலை எல்லாருக்கும் கட்டாது. ஸ்பெயினின் காவாவும் இதே மாதிரி போத்தலுக்குள் நொதித்ததுதான், விலை எவ்வளவோ குறைவு. இத்தாலியின் புரோசெக்கோ பெரிய தொட்டியில் நொதிப்பது. அதில் ரொட்டி வாசனை இருக்காது, பேரிக்காய், பூ வாசனை இருக்கும். அதிலும் எக்ஸ்ட்ரா டிரை நிறைய வருகிறது, பார்த்து வாங்குங்கள்.

இப்போது என் சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் கோலாலம்பூரில் என் தங்கை மகள் கல்யாண விருந்து. கேக் வெட்டியதும் எல்லார் கையிலும் ஷாம்பெய்ன் கொடுத்தார்கள். நல்ல புரூட், வாங்கிக் கொடுத்தது நான். மண்டபத்தில் வெளியே எடுத்து வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, வெதுவெதுப்பாகிவிட்டது. வாயில் கேக், அதன்மேல் ஒரு மடக்கு. என் அத்தை முகத்தைச் சுளித்து, "என்னப்பா, புளிச்ச தண்ணி மாதிரி இருக்கு" என்றார். பக்கத்து மேசையில் ஸ்ப்ரைட் ஊற்றிக் கலந்தார்கள். பாதி குடித்த கிளாஸ்கள் அப்படியே வரிசையாக நின்றன. எனக்கு மனசே ஆறவில்லை.

அத்தை சொன்னது சரி. நாக்கில் சீனி இருக்கும்போது இனிப்பில்லாத எதுவும் புளிக்கத்தான் செய்யும். லட்டு தின்றுவிட்டு ஆரஞ்சு தின்று பாருங்கள்.

இதை எனக்குப் புரியவைத்தவர் இந்த ஊர்க்காரர். ஓட்டல் வேலையில் முடி நரைத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அடுத்த வருடம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். லிட்டில் இந்தியாவில் சுடச்சுட வாங்கிய மசாலா வடையைத் தட்டில் வைத்தார். பக்கெட்டில் ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி, அதற்குள் ஒரு காவா அரை மணி நேரமாகக் கிடந்தது. நான் கிளாஸை எடுத்ததும் கையைப் பிடித்தார். "தம்பி, முதல்ல வடை. மிளகாயை எடுத்துப் போட்டுட்டுக் கடி. அப்புறம் குடி."

கடித்தேன். மொறுமொறுப்பு, எண்ணெய், உப்பு. அதன்மேல் ஒரு வாய் ஒயின். குமிழி எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போனது. உப்பு அந்தப் புளிப்பின் கூர்மையை மழுங்க வைத்தது. அடியில் பச்சை ஆப்பிள் மாதிரி, எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு பழ ருசி எழுந்தது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஒரு இனிப்பு வருமே, அதைப்போல. சர்க்கரை போட்டு வந்த இனிப்பு இல்லை அது. அறுசுவையில் துவர்ப்பையும் கைப்பையும் தனித்தனியாக எண்ணி வைத்த நாக்கு நம்முடையது. பாகற்காயை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு புரூட் கஷ்டமாக இருக்க முடியாது.

அதற்குப் பிறகு நான் பலதையும் வைத்துப் பார்த்துவிட்டேன். முறுக்கு, அப்பளம், கெரோப்போக் என்ற மலாய் மீன் அப்பளம், பொரித்த மீன், நெய் ரோஸ்ட் எல்லாம் அருமை. நாசி கண்டாரில் குழம்பை வெள்ளமாக ஊற்றிச் சாப்பிடும்போது மட்டும் வேண்டாம். மிளகாய்க் காரத்தைக் குமிழியும் ஆல்கஹாலும் இன்னும் கிளறிவிடும், நாக்கு எரியும். காரத்தோடு குடித்தே ஆக வேண்டுமென்றால் எக்ஸ்ட்ரா டிரைதான் பொருத்தம்.

திறப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கண் சம்பந்தப்பட்டது. குளிராத போத்தலைத் திறக்காதீர்கள், அழுத்தம் அதிகம். கம்பியை ஆறு அரைச் சுற்று அவிழ்க்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து கட்டை விரல் தக்கையைவிட்டு நகரக்கூடாது. போத்தலைச் சாய்த்து, ஆள் இல்லாத பக்கம் காட்டி, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு போத்தலின் அடிப்பக்கத்தைத் திருகுங்கள். வெடிச் சத்தம் வேண்டாம். ஒரு பெருமூச்சு வந்தால் போதும். 8 முதல் 10 டிகிரி வரை நல்லது. நம் ஊர்ச் சூட்டில் கிளாஸில் ஊற்றிய பத்து நிமிடத்தில் அது ஏறிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஊற்றினால் வாயு வீணாகாது. பாத்திரம் கழுவும் சோப்பு கிளாஸில் ஒட்டியிருந்தால் குமிழி சரியாக எழும்பாது, வெந்நீரில் அலசித் துணியால் துடையுங்கள். துணியிலிருந்து ஒட்டுகிற கண்ணுக்குத் தெரியாத நூலிழையிலிருந்துதான் குமிழிகள் பிறக்கின்றன. விளக்கைப் பார்த்துப் பிடித்தால், ஒரே புள்ளியிலிருந்து மணி கோத்தது மாதிரி மேலே போவது தெரியும். காதருகே கொண்டு போய்க் கேட்டும் பாருங்கள். என் தாத்தா குடுவையில் கேட்ட சத்தம்தான்.

பேச்சு போதும். பின்னால் மேசையில் வடை வந்துவிட்டது. குடிக்காதவர்களுக்கு 'அசாம் போய்' என்ற உப்பிட்டு உலர்த்திய பிளம் போட்ட, அம்ரா என்ற புளிப்புப் பழத்தின் ஜூஸ் இருக்கிறது. அதையும் வடையோடு குடித்துப் பாருங்கள், உப்பும் புளிப்பும் என்ன செய்யும் என்பது அதிலும் தெரியும். காரோட்டி வந்தவர்கள் இன்றைக்கு ஜூஸ் பக்கம் வாருங்கள், இல்லையென்றால் கிராப் வாடகைக் கார் பிடித்துப் போங்கள். கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிற என் அத்தை முன்வரிசையில் இருக்கிறார். அத்தை, முதல் தட்டு உங்களுக்குத்தான். மிளகாயை எடுத்துப் போட்டுவிட்டுக் கடியுங்கள், ஊற்றுவதற்கு நான் வருகிறேன்.