எட்டுப் பேர் கிளம்பினால் எட்டுப் பேரும் குமரியில்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துக் கன்னியாகுமரி வரை போனால் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து நாளுக்கு 90, 100 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தால், நடுவில் ஒருநாள் ஓய்வையும் சேர்த்து ஒன்பது பத்து நாளில் போய்விடலாம். அடுத்தடுத்து இரண்டு நாள் 80 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவருக்குக் கால் பலம் போதும். பாதி வழியில் வேனில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் கால் ஓய்ந்து ஏறுவதில்லை. தொடையிடுக்கில் புண், உள்ளங்கை மரப்பு, வயிற்றுக்கோளாறு, இந்த மூன்றும்தான் ஏற்றிவிடுகின்றன. மூன்றுமே கிளம்புவதற்கு முன்பே சரிசெய்யக்கூடியவை.

முதலில் சீட். பெண்களுக்கு உட்காரும் எலும்புகளின் இடைவெளி பொதுவாக ஆண்களைவிட அகலம். வண்டியோடு வந்த சீட் பொருந்த வேண்டும் என்பதில்லை. அட்டைப்பெட்டியில் ஒரு துண்டை வெட்டி, படிக்கட்டில் போட்டு, முன்பக்கம் குனிந்து உட்காருங்கள். அட்டையில் இரண்டு குழி விழும். குழிகளின் நடுப்புள்ளிக்கு இடையே அளந்து, அதோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டினால் உங்களுக்கு வேண்டிய சீட் அகலம். மெத்துமெத்தென்ற ஜெல் சீட் முதல் ஒருமணி நேரம் சுகமாக இருக்கும். பிறகு எலும்பு உள்ளே புதைந்து, பாரமெல்லாம் மென்மையான சதைமேல் விழும். நீண்ட தூரத்துக்குச் சற்றுக் கடினமான சீட்டே நல்லது. அது மட்டமாக இருக்கட்டும். சீட்டின் முன்மூக்கை அதிகம் தாழ்த்தினால் உடம்பு முன்னால் சறுக்கும், கை தாங்கும், மூன்றாம் நாள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கும். உயரத்துக்கு ஒரு சோதனை: பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரேயடியாக மாற்றாமல் ஐந்து மில்லிமீட்டராக மாற்றிப் பாருங்கள்.

பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல் போட வேண்டும். சொல்லக் கூச்சம் என்று பலர் சொல்லாமல் விடுவது இது. உள்ளாடையின் தையல்தான் 60 கிலோமீட்டரில் தோலை உரிக்கும். மேலே கால்சட்டையோ சுடிதாரோ போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. கடற்கரை ஈரக்காற்றில் துவைத்தது காயாது, ஆகவே மூன்று செட் வேண்டும். தங்குமிடம் சேர்ந்ததும் தேநீருக்கு முன்னால் குளியல், உலர்ந்த உடை.

மாதவிடாய் நாள் பயணத்துக்குள் வந்தால் வரட்டும். நாப்கின் விளிம்பு தொடையை அறுக்கும் என்பதால் பலர் மாதவிடாய்க் கப்புக்கு மாறுகிறார்கள். அப்படி மாறுவதானால் இரண்டு மூன்று மாதம் முன்பே வீட்டில் பழகிவிடுங்கள். சாலையில் முதல்முறை முயல வேண்டாம்.

கழிப்பறை இல்லையே என்று தண்ணீரைக் குறைப்பதுதான் பெண்கள் குழுக்களின் பெரிய தவறு. பதினோரு மணிக்குத் தலைவலி, மாலையில் நீர்க்கடுப்பு, மறுநாள் காய்ச்சல். முந்தின இரவே வரைபடத்தில் 25 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க்கைக் குறித்துவையுங்கள். அங்கே எல்லோரும் நிற்பது விதி, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்போது யாரும் கேட்கக் கூச்சப்பட மாட்டார்கள். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர். வெறும் தண்ணீராகவே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்புக் குறைந்து குமட்டும். ஓஆர்எஸ் பெரிய பொட்டலத்தை முழு ஒரு லிட்டரில் கரையுங்கள். அரை லிட்டரில் கரைத்தால் வயிற்றுப்போக்குக்கு வழி. பசிக்கும் முன் மணிக்கொருமுறை ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலைமிட்டாயும்.

இனி காற்று. ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்குக் காற்று தெற்கே போகிறவரைத் தள்ளிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நேர்மாறு: குமரிப் பக்கம் தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. நல்ல மாதத்திலும் மதியத்துக்கு மேல் கடல்காற்று இடப்பக்கம் அடிக்கும். இங்கே ஓர் ஆபத்து உண்டு. இடப்பக்கக் காற்றில் முன்வண்டி தரும் காற்று மறைவு வலப்பின்னால்தான் கிடைக்கும். மறைவைத் தேடித் தேடி ஒவ்வொருவரும் சற்று வலப்பக்கம் நகர, கடைசி ஆள் சாலை நடுவில், பஸ் போகும் தடத்தில் இருப்பார். அந்த நேரத்தில் மறைவை மறந்து, வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறம் ஒற்றை வரிசையில், இரண்டு வண்டி நீள இடைவெளியில் மெதுவாகப் போங்கள். உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. உரசினால் விழுவது பின்னால் வருகிறவர். வேகத்தை நிர்ணயிப்பவர் குழுவில் மெதுவானவர். அவரை வரிசையில் இரண்டாவதாக விடுங்கள். கடைசியில் விட்டால் இடைவெளியை அடைக்கவே அவர் சக்தி தீர்ந்துவிடும். கடைசி இடம் ரிப்பேர் தெரிந்தவருக்கு.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று சாலை புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் கொஞ்ச தூரம் ஓடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்ற மாவட்டம் இது. அந்த மண்ணில் பெண்கள் வரிசையாகச் சைக்கிளில் போவது அதன் தொடர்ச்சி என்றே நாம் நினைக்கிறோம்.

அதைத் தாண்டி ராமநாதபுரம் எல்லைக்குள் சீமைக்கருவேலம். பஞ்சர் ஆனால் ட்யூபை மாற்றும் அவசரத்தில் டயரை மறந்துவிடாதீர்கள். முள்ளின் வெளித்துண்டு ஒடிந்து, ஊசிமுனை மட்டும் ரப்பருக்குள் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்கச் சுற்றித் தேயுங்கள். எங்கே நூல் பிடித்து இழுக்கிறதோ அங்கே முள். விரலால் தேய்த்தால் விரல் கிழியும். முனையை வெளிப்பக்கமாகத் தள்ளி, குறடால் பிடுங்கிய பிறகே புது ட்யூப். இதைச் செய்யாதவர் அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி நிற்பார். ஒட்டுப் போடும்போது ட்யூபில் உப்புத்தாளால் தேய்த்த இடத்தில் சொல்யூஷனைத் தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஈரத்தில் ஒட்டியது வெயில் சூட்டில் பெயர்ந்துவிடும். உப்புக்காற்றில் செயின் ஓரிரவில் செம்மை பூக்கும்; தினமும் மாலை துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். விட்டுவைத்த எண்ணெய் மணலைப் பிடித்து அரைக்கும்.

கடைசி இரவு திருச்செந்தூரில் தங்கினால் மறுநாளுக்கு மணப்பாடு, உவரி வழியாக 90 கிலோமீட்டர் சொச்சம். அன்று எல்லோருக்கும் கால் பறக்கும். பத்து நாள் களைப்பில் கவனம் மட்டும் மந்தமாகியிருக்கும். ஆகவே கடைசி 20 கிலோமீட்டருக்கு முன் ஒருமுறை இறங்கி, எல்லோரும் சாப்பிட்டு, பிரேக் கட்டையைப் பார்த்து, வழக்கமான வரிசையிலேயே கிளம்புங்கள். முந்திச் செல்வது அன்று வேண்டாம். ஊருக்குள் சுற்றுலா வண்டி நெரிசல் இருக்கும், அங்கே தள்ளிக்கொண்டே நடக்கலாம்.

மாலை ரயிலில் திரும்புவதானால் மதியத்துக்குள் பார்சல் அலுவலகம் போய்விடுங்கள். பின்பக்கச் செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் கியர் கருவி உள்ளே ஒடுங்கும். அதன்மேல் அட்டையைச் சுற்றிக் கயிற்றால் கட்டுங்கள். விளக்கு, பம்ப், பாட்டில் எல்லாம் கையோடு. பெயரும் இறங்கும் நிலையமும் எழுதிய சீட்டை இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று அறுந்தாலும் மற்றது இருக்கும். வணக்கம்.