காயமா? கொள்கையா? காயமே!

நடுவர் ஐயாவுக்கும் எதிரணிக்கும் வணக்கம். யூதர்கள் கிறிஸ்தவத்துக்கு மாறுறதை இவ்வளவு கடுமையா எதிர்க்கிறதுக்கு காரணம் கொள்கையா, வரலாற்றுக் காயமா, இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாடி பேசின அக்கா "இயேசுவை மேசியான்னு, அதாவது கடவுள் அனுப்புற மீட்பர்னு, அவங்க ஏத்துக்கல, அவ்ளோதான்"னு முடிச்சிட்டாங்க. ஏத்துக்கலங்கிறது சரிதான்க்கா. ஆனா சாமியே இல்லன்னு சொல்ற யூதரைக் கூட "நம்ம பிள்ளை"ன்னு சொல்ற குடும்பம், ஞானஸ்நானம் வாங்கினவருக்கு செத்தவங்களுக்கு உட்கார்ற மாதிரி துக்கம் உட்கார்ந்திருக்கு. "மெஷுமாத்"னு அவரைச் சொல்ற வார்த்தையே அழிவுங்கிற வேர்ல இருந்து வந்தது. கொள்கைதான் காரணம்னா நாத்திகருக்குல்ல முதல்ல அழுதிருக்கணும்?

ஏன்னா அந்தக் காலத்துல மாறின சிலபேர் மாறினதோட நிக்கல. நிக்கோலஸ் டோனின்னு ஒருத்தர், மாறினவர், போப் கிட்ட போய் யூதர்களோட மத நூலான தால்முத் மேல புகார் குடுத்தாரு, 1240ல பாரிஸ்ல விசாரணை, அப்புறம் 24 வண்டி நிறைய ஏடுகளை எரிச்சாங்க, அச்சு வராத காலம், ஒவ்வொரு பக்கமும் ஒருத்தர் உட்கார்ந்து கையால எழுதினது.

1263ல பார்சிலோனாவுல நடந்ததும் ஒரு பட்டிமன்றம்தான் ஐயா. நடுவர் நாற்காலியில அரகோன் மன்னர் ஜேம்ஸ், ஒரு பக்கம் பாப்லோ கிறிஸ்தியானி, அவரும் மாறினவர், இன்னொரு பக்கம் 70 வயசை நெருங்கின ரபி, அதாவது யூத மத குரு, நக்மனிடிஸ். பயமில்லாம பேச அனுமதி குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுத்தான் ரபி பேச்சையே ஆரம்பிச்சாரு. நல்லா பேசினாரு, மன்னரே 300 காசு குடுத்து அனுப்பினதா அவரே எழுதி வச்சிருக்காரு. ஆனா அதை எழுதி வச்சதுக்காகவே டொமினிக்கன்கிற கத்தோலிக்க சபைத் துறவிகள் வழக்கு போட்டாங்க, கடைசில அந்த வயசுல ஊரை விட்டு கடல் தாண்டி 1267ல எருசலேம் போய்ச் சேர்ந்தாரு. நான் இன்னைக்கு என்ன பேசினாலும் ராத்திரி என் வீட்டுல போய்த்தான் படுப்பேன், அவருக்கு அந்த உறுதி இல்ல.

இதெல்லாம் பழங்கதைன்னு அக்கா சொல்லலாம். 1858 பழங்கதையா? இத்தாலி, பொலோனா நகரம், ஜூன் 23 ராத்திரி மொர்த்தாராங்கிற யூதக் குடும்பத்தோட வீட்டுக் கதவை போலீஸ் தட்டுது. அந்த வீட்டுல வேலை பார்த்த பொண்ணு, குழந்தை காய்ச்சல்ல செத்துடுமோன்னு பயந்து யாருக்கும் தெரியாம தண்ணி தெளிச்சி ஞானஸ்நானம் குடுத்திருக்கு. ஞானஸ்நானம் ஆன பிள்ளையை யூதர் வளர்க்கக் கூடாது, அங்க போப் ஆட்சி, அதான் சட்டம். மறுநாள் 6 வயசு எட்கார்தோவை தூக்கிட்டு போயிட்டாங்க. பெத்தவங்க எவ்வளவோ போராடியும் பிள்ளை திரும்பி வரல, வளர்ந்து பாதிரியாராவே ஆகி 1940ல இறந்தாரு. அந்தத் தாய்கிட்ட போய் "ஞானஸ்நானம்"னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க, அவங்க காதுல அது இறையியலாவா விழும்?

கடைசியா ஒன்னு. 1965ல இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது கத்தோலிக்க ஆயர்களோட மாநாடு, இயேசுவோட சாவுக்கு யூத இனத்தையே குற்றவாளி ஆக்கக் கூடாதுன்னு அறிவிச்சது. 1986ல போப் இரண்டாம் ஜான் பால் ரோம்ல இருக்கிற யூதர்களோட ஜெப ஆலயத்துக்கே போனாரு, ரபி எலியோ தோவாஃப் கட்டிப்பிடிச்சு வரவேற்றாரு. அந்த 21 வருஷத்துல யூதர்கள் கொள்கையில ஒரு எழுத்தாவது மாறிச்சாக்கா? மேசியாவைப் பத்தி அன்னைக்கு என்ன சொன்னாங்களோ அதையேதான் இன்னைக்கும் சொல்றாங்க, ஆனா கதவு திறந்துச்சு. வந்தவர் மதம் மாத்த வரல, அதான் திறந்துச்சு. தீர்ப்பை உங்க கையில விடுறேன் நடுவர் ஐயா.