360 டிகிரி குடுத்தும் மொடல் ஏன் அசையுதில்ல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். தெஹிவளையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார், "அண்ணா, சொலிட்வேர்க்ஸ்ல கியர்பொக்ஸ் அசெம்பிளி ஒண்டு செஞ்சன், அதை முழுசா ஒரு ரவுண்ட் சுத்திக் காட்டி வீடியோ எடுக்கோணும், முதல் கீ 0 டிகிரி, கடைசி கீ 360 எண்டு வச்சன், ப்ளே பண்ணினா அசையவே இல்ல". ரெண்டு நாளா இந்தக் கேள்விதான் மண்டைக்குள்ள, அவ்வளவு நல்ல கேள்வி. புதுசா வாற ஆக்களுக்கு: சொலிட்வேர்க்ஸ் எண்டுறது கம்பியூட்டரில 3டி மொடல் செய்யிற சொஃப்ட்வெயார், அசெம்பிளி எண்டா பல பார்ட்டைப் பொருத்தின மொடல், கீ எண்டா டைம்லைன்ல ஒரு நேரத்தில வைக்கிற குறி.

என்னண்டா தம்பி, நீங்க எந்தப் பக்கமாச் சுத்திக் கொண்டு வந்தீங்க எண்டதை சொலிட்வேர்க்ஸ் பார்க்கிறதில்ல, கீ வச்ச நேரம் பார்வை எப்பிடி இருந்தது எண்டதைத்தான் குறிச்சு வைக்கும். 0-வும் 360-உம் ஒரே பார்வை, பிறகு அது ஏன் அசையப் போகுது? 270-ல வச்சாலும் கிட்டின பாதையைப் பிடிச்சு 90 டிகிரி பின்பக்கமா வந்து நிண்டுடும். அதால நடுவில கீ வைக்கோணும். 12 செக்கன் வீடியோ எண்டா 0, 4, 8, 12-ல கீ, ஒவ்வொண்டுக்கும் இடையில 120 டிகிரி. 180 வேணாம், ரெண்டு பக்கமும் ஒரே தூரம், எந்தப் பக்கம் திரும்பும் எண்டு சொல்லேலாது. இன்டர்பொலேஷனை, அதாவது ரெண்டு கீக்கு நடுவில அசையிற விதத்தை, லீனியர்ல (ஒரே வேகத்தில) விடுங்க, ஈஸ் (மெதுவாத் தொடங்கி மெதுவா முடியிறது) போட்டா ஒவ்வொரு கீயிலயும் தயங்கித் தயங்கிப் போகும். கீயே பதியுதில்ல எண்டா டைம்லைன் பக்கத்தில இருக்கிற ஓரியன்டேஷன் அண்ட் கெமரா வியூஸ் எண்ட வரியில ரைட் க்ளிக் பண்ணி, டிஸேபிள் வியூ கீ கிரியேஷன் ஒன்ல இருக்கா எண்டு பாருங்க, அதை எடுத்து விட்டாச் சரி. சும்மா ஒரு ரவுண்ட்தான் வேணும் எண்டா தானாச் சுத்திக் காட்டுற அனிமேஷன் விசார்டே போதும்.

ஆனா பழைய வீடியோ பார்த்த ஆக்களுக்கு நான் எப்பவும் சொல்லுறது தெரியும், சாமானைச் சுத்தாதீங்க, கண்ணைச் சுத்துங்க. அசெம்பிளிக்குள்ள சின்னதா ஒரு டம்மி பார்ட் போட்டு, நடு அச்சில மேட் பண்ணி (அதோட பொருத்தி), அதில கெமராவை ஏத்தி, ஒரு ரோட்டரி மோட்டார் 5 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 5 சுத்து) குடுங்க, சரியா 12 செக்கனுக்கு ஒரு சுத்து. கெமரா பார்க்கிற புள்ளியையும் அந்த அச்சிலயே வைங்க, இல்லாட்டி மொடல் பக்கவாட்டில ஆடும். கடைசியா அந்த டம்மியை ஹைட் பண்ணிடுங்க. மேட்டும் உடையாது, உள்ள கியர் ஓடுறதும் அதுபாட்டுக்கு ஓடும்.

லூப்ல போடுறதெண்டா கடைசி ஃப்ரேமை வெட்டுங்க, செக்கனுக்கு 25 ஃப்ரேம் கணக்கில 12 செக்கனுக்கு 300, அதுக்கு மேல வாறது முதலாவதே திரும்ப வாறதுதான், அந்த இடத்தில ஒரு சின்னத் திக்கல் தெரியும்.

இதோட இன்னொண்டு, இதைத்தான் தம்பி கேட்டிருக்கோணும் எண்டு எனக்கு ஆசை. கொழும்பில வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஒரு வோட்டர் பம்ப் வாங்கப் போயிருந்தன், பக்கத்தில ஒரு வயசான மெக்கானிக் ஐயா. பம்பைக் கையில எடுத்து அவர் முழுசா ஒரு சுத்தும் சுத்தேல்ல, பாதி திருப்பினார், ஷாஃப்ட் பக்கம் வந்ததும் நிப்பாட்டி விரலால ஆட்டிப் பார்த்தார், பிறகு சீல் பக்கம் திருப்பி அங்கயும் கொஞ்ச நேரம் நிண்டார். பார்க்கிற கண் அப்பிடித்தான் போகும், அதான் சொல்லுறன் கண்ணைச் சுத்துங்க எண்டு. எங்கட ஆக்கள் செய்யிற வீடியோவில மொடல் ராட்டினம் மாதிரிச் சுத்திக்கொண்டே இருக்கும், எதையும் நிண்டு பார்க்க விடாது.

தம்பி, உங்கட கியர்பொக்ஸ்ல அவுட்புட் ஷாஃப்ட் முன்னுக்கு வரேக்க ரெண்டு செக்கன் நிப்பாட்டுங்க, கவரைக் கழட்டிக் காட்டுறதெண்டா அந்த இடத்திலயே எக்ஸ்ப்ளோட் பண்ணுங்க (பார்ட்டைப் பிரிச்சுக் காட்டுங்க), பிறகு மிச்சச் சுத்து. செஞ்சிட்டு எனக்கு அனுப்புங்க, எங்க நிப்பாட்டினீங்க எண்டதைத்தான் முதல்ல பார்ப்பன்.