திரும்பப் பெறப்பட்ட நூறு ரூபாய்த் தாளும் நம் நாட்டுப்பற்றும்

உறவுகளே, வணக்கம். என் பழைய பணத்தாள் காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு, நான் எதைத் தேடி அலைந்தேன் என்பது தெரியும். அது கிடைத்துவிட்டது! 1998இல் வெளியிடப்பட்டுப் பின்னர் திரும்பப் பெறப்பட்ட நம் மொரீஷியஸ் நூறு ரூபாய்த் தாள் இதோ. போர்ட் லூயிஸ் சந்தைக்கு அருகில் பழம்பொருள் விற்கும் பெரியவர் ஒருவர் முதலில் 1,500 ரூபாய் கேட்டார். நடுவில் விழுந்திருந்த மடிப்பைக் காட்டி 900 என்றேன். அவர் 1,200க்கு இறங்கினார். நான் கடையை விட்டு வெளியே வந்து நடக்கத் தொடங்கிய பிறகே 950க்குச் சம்மதித்தார். நூறு ரூபாய்த் தாளுக்கு இவ்வளவு விலையா என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு இது மலிவு.

விளக்குக்கு நேரே பிடிக்கிறேன், பாருங்கள்: டோடோ பறவையின் நீர்க்குறி தெரிகிறது. படத்தில் இருப்பவர் நம் நாட்டுத் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன். இப்போது எழுத்துகளைக் கவனியுங்கள். வழக்கமாக ஆங்கிலத்தை அடுத்துத் தமிழும் அதன்பின் இந்தியும் வரும். இந்தத் தாளில் இந்தி முன்னால் வந்து, தமிழ் பின்னால் போயிருக்கிறது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே புதியவை அச்சாயின.

நான் தாளை வாங்கும்போது அருகில் நின்ற ஒருவர், "அப்போது நீங்கள் காட்டியதெல்லாம் இனவெறி, நாட்டுப்பற்று உள்ளவன் தன் மொழியைப் பற்றிப் பேசமாட்டான்" என்றார். அந்தப் பேச்சு என்னை மிகவும் எரிச்சலூட்டியது. அதற்காகவே இன்று கேமராவை எடுத்தேன்.

நாட்டுப்பற்று என்பது நான் வாழும் மண்ணின் மீதும், அங்குள்ள மனிதர்கள், பழக்கங்கள், சட்டங்கள் ஆகியவற்றின் மீதும் கொண்ட அன்பு. அவற்றுக்கு ஒரு கேடு வந்தால் என்னைத் தூங்கவிடாத அக்கறை. தேசியவாதம் ஓர் அரசியல் கொள்கை: இந்த மக்கள் ஒரு தேசம், ஆகவே ஆளும் உரிமை இவர்களுக்கே உண்டு என்பது அதன் கோரிக்கை. அந்தக் கோரிக்கையை நான் இழிவாகப் பேசமாட்டேன், ஏனெனில் அது இல்லாவிட்டால் 1968 மார்ச் 12இல் பிரிட்டிஷ் கொடி இறங்கியிருக்காது. ஆனால் அந்நிய ஆட்சி போனபின், "இந்தத் தேசம் யாருடையது, யார் முதலில், யார் பிறகு" என்று உள்ளுக்குள்ளேயே வரிசை போடத் தொடங்கும் தேசியவாதத்தை நான் அடியோடு வெறுக்கிறேன்.

அந்த வரிசை போடும் நோய் நம்மவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1998இல் இரண்டு குரல்கள் எழுந்தன. "எங்கள் எழுத்துக்கு இருந்த இடத்தை எங்களைக் கேட்காமல் மாற்றாதீர்கள்" என்ற குரலை இன்றும் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். தன் நாட்டின் பணத்தாளில் தன் எழுத்தைப் பார்க்கும் ஆசை, அந்த நாட்டை நேசிப்பவனுக்குத்தான் வரும். மற்றொரு குரல், "நாங்கள்தான் முதலில் வந்தவர்கள், எனவே மேலான இடம் எங்களுக்கே" என்றது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இங்கு வந்து போர்ட் லூயிஸைக் கட்டினார்கள் என்பது உண்மைதான். அதை வைத்து இன்னொருவரைக் கீழே தள்ளினால், அது நம் சொந்தக் குட்டித் தேசியவாதம்.

முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று விட்டுப்போயிற்று. ஆயிரம் ரூபாய்த் தாளையும் மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன். இதில் இருப்பவர் கயேத்தான் டுவால். 1967 தேர்தலில் விடுதலை வேண்டாம் என்று நாடு முழுவதும் பிரசாரம் செய்தவர் அவர். ஏறக்குறைய 44 விழுக்காட்டு வாக்குகள் அவர் பக்கம் விழுந்தன. இரண்டாயிரம் ரூபாய்த் தாளில் இருப்பவர், விடுதலை அணிக்குத் தலைமை தாங்கிய சிவசாகர் ராம்கூலாம். விடுதலைக்குப் பிறகு ராம்கூலாமின் கூட்டணி அரசில் டுவால் வெளியுறவு அமைச்சராகவே இருந்தார். கண்மூடித்தனமான தேசியவாதிகள் கையில் இந்த நாடு சிக்கியிருந்தால், விடுதலையை எதிர்த்தவருக்குத் துரோகி என்ற பட்டமே மிஞ்சியிருக்கும். அவரைப் பணத்தாளில் அச்சடித்த நாட்டை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அதே நாட்டை நான் கண்டிக்கும் இடமும் உண்டு. 1965இல் பிரிட்டன் நம்மிடமிருந்து பிரித்தெடுத்த சாகோஸ் தீவுகள் குறித்து, 2019 பிப்ரவரி 25இல் அனைத்துலக நீதிமன்றம் நமக்குச் சாதகமாகக் கருத்துரைத்தபோது நானும் மகிழ்ந்தேன். தீவுகளைத் திரும்பக் கேட்பது நியாயமான தேசியக் கோரிக்கை. ஆனால் பிரிட்டனால் வேரோடு பெயர்க்கப்பட்டுப் போர்ட் லூயிஸ் குடிசைகளுக்கு வந்து சேர்ந்த அந்தத் தீவு மக்களை நாம் எப்படி நடத்தினோம்? பெற்றோரின் கல்லறைக்குப் போய்ப் பூ வைக்க வேண்டும் என்று கேட்ட அவர்களின் மண்பற்றுக்குக் கொடியும் இல்லை, பீரங்கியும் இல்லை. 2025 மே மாதம் தீவுகளை நமக்குத் திருப்பித் தரும் ஒப்பந்தத்தில் இரு அரசுகளும் கையெழுத்திட்டபோதும், தங்களை யாரும் கேட்கவில்லை என்று அவர்களில் பலர் குமுறினார்கள். வரைபடத்தில் தீவு வந்தால் போதும், தீவின் மக்கள் பிறகு என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ரோஸ் ஹில்லிலும் காத்ர் போர்னிலும் இருக்கும் நேயர்களே, 1998இல் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த இரண்டு குரல்களில் எதை எழுப்பினார்கள் என்று அவர்களிடமே கேட்டுக் கீழே எழுதுங்கள். இந்தத் தாள் யாரிடமாவது மடிப்பில்லாமல் இருந்தால், விலையையும் சேர்த்தே எழுதுங்கள்.