என் நலனைப் பார்ப்பது பிழையா?

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "தன் நலனைப் பார்க்காதவனை ஏமாளி என்கிறார்கள். பார்த்தால் சுயநலம் என்கிறார்கள். எதை எடுப்பது, அண்ணா?"

தன் நலனைப் பார்ப்பதில் பிழையே இல்லை. காலி வீதிப் பேக்கரிக்காரர் நம்மேல் உள்ள பாசத்திலா விடியக்காலையில் கடை திறக்கிறார்? அவருக்கு வியாபாரம், நமக்குப் பாண். 1776 இல் பொருளியல் அறிஞர் அடம் சிமித் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அவரைத் துணைக்கு அழைக்கிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, மனிதன் எவ்வளவு சுயநலக்காரனாக இருந்தாலும் அடுத்தவனின் நல்லது கெட்டதில் அவனுக்கு அக்கறை உண்டு என்றுதான் அதே மனிதர் ஒரு நூலைத் தொடங்கினார். வசதியான பாதியை மட்டும் படிப்பதும் ஒருவகைச் சுயநலம்தான். சரி, அதை விடுவோம்.

நம் ஆதாயத்துக்கான செலவை இன்னொருவர் சத்தமில்லாமல் சுமக்கும்போதுதான் சிக்கல். முந்தி அப்படிச் செய்தவன் முரடன், ஊருக்கே தெரியும். இப்போது செய்பவர் படித்தவர். சட்டத்தை மீறமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். 2022 ஜூலையில், பெற்றோல் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரப் பங்கை எடுக்கும் முறை இங்கே வந்தது நினைவிருக்கும். ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், காருக்கு 20. வீட்டில் சும்மா நின்ற காருக்கும் பதிந்து எடுத்தவர்கள் உண்டு. கேட்டால், "எங்கட பங்குதானே" என்பார்கள். சட்டப்படி சரிதான். ஓட்டோக்காரர் அந்த 5 லீற்றரில் ஓடித்தான் பிள்ளையின் ரியூஷன் காசைக் கட்ட வேண்டியிருந்தது.

இதைவிட நாசூக்கானது குடும்பத்துக்குள் நடக்கிறது. அண்ணன் கனடாவில், தம்பி லண்டனில், அம்மா இங்கே தொடர்மாடியில் கடைசி மகளோடு. அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வட்ஸ்அப் குழுவில் பேச்சு நடக்கிறது. "அம்மாவுக்குக் குளிர் ஒத்துவராது." "பழகின இடத்தில இருந்தால்தான் அவவுக்கு நிம்மதி." "காசு எவ்வளவு வேணும் எண்டு சொல்லு." ஒன்றும் பொய்யில்லை. விசா எடுப்பது கஷ்டம் என்பதும் உண்மை. ஆனால் எல்லா நியாயமும் ஒரே பக்கமாகவே சாய்கிறதே, அதைக் கவனியுங்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் நிற்கும் தங்கையிடம் "உன்ர வேலை என்னாச்சு?" என்று ஒருவரும் கேட்பதில்லை. அவள் "ஏலாமல் இருக்கு" என்று எழுதினால், "உன்னையும் கவனிச்சுக்கொள்" என்று ஒரு இதயப் படத்தோடு பதில் வரும்.

அண்ணன் "எனக்கு வந்து பார்க்க விருப்பமில்லை, நீயே பார்" என்று எழுதியிருந்தால் தங்கை சண்டை பிடித்திருப்பாள், பேரம் பேசியிருப்பாள். அவரோ அம்மாவின் நிம்மதியைப் பேசுகிறார். இனி இவள் வாய் திறந்தால், அம்மாவைப் பாரமாக நினைக்கிற மகள் என்ற பேர் இவளுக்குத்தான் வரும். பச்சையான சுயநலத்தோடு வாதாடலாம். அக்கறையின் உடுப்பைப் போட்டு வருவதோடு வாதாடினால் நாம்தான் கெட்டவர்கள்.

அதனால், கேள்வி கேட்ட தங்கை, உங்களுக்கு வேண்டியதை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அம்மாவின் பேரில், பிள்ளைகளின் பேரில் கேட்காதீர்கள். அந்த மகளும் இப்படி எழுதலாம்: "நான் திரும்ப வேலைக்குப் போகப்போறன். பகலில் அம்மாவைப் பார்க்க ஒரு ஆளை வைக்கவேணும், சம்பளத்தை மூண்டு பேரும் பிரிப்பம். ஓகஸ்டில ஒரு மாதம் நீங்கள் ஆராவது வந்து நில்லுங்கோ."

இது சுயநலமா என்று கேட்டால், இல்லை. அவள் யார் தலையிலும் ஒளித்து எதையும் ஏற்றவில்லை, கணக்கை எல்லோர் முன்னாலும் வைக்கிறாள். குழு இரண்டு நாள் அமைதியாகக் கிடக்கும். கிடக்கட்டும், அவசரப்பட்டு "பரவாயில்லை, நானே பார்க்கிறன்" என்று மட்டும் எழுதிவிடக் கூடாது.

அடுத்த கேள்வி கொட்டாஞ்சேனையில் இருந்து வந்திருக்கிறது, சீட்டுக் காசு பற்றியது.