இரண்டே காட்சியில் முடங்கிய ‘ஜோ புல்லட்’

வணக்கம் மக்களே! டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு ‘ஜோ புல்லட்’ என்ற தென்னாப்பிரிக்கப் படம். 1973இல், ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவின் எயேத்து தியேட்டரில் இரண்டே காட்சி ஓடியது. அதற்குள் நிறவெறி அரசு தடை போட்டுவிட்டது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. இறுதி ஆட்டத்துக்குத் தயாராகும் கால்பந்து அணியை ஒரு கும்பல் மிரட்டுகிறது, ஜோ வந்து துவம்சம் செய்கிறார். ஆனால் நடிகர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர். கையில் துப்பாக்கி, ஓட்டக் கார், போதாததற்குக் கராத்தே! தயாரித்த டோனி வான் டெர் மெர்வே கட்டடத் தொழில் செய்த வெள்ளைக்காரர். அதைச் சொல்லியே படத்தை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜோவாக வரும் கென் கம்பு நடந்து வருகிற தோரணை இருக்கிறதே, அதை எந்த முதலாளியும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

நாற்பது வருடம் கழித்துத்தான் கேப் டவுனின் கிராவல் ரோடு நிறுவனம் படத்தைப் புதுப்பித்து வெளியே கொண்டுவந்தது. சேகரிப்பாளர்கள் இந்த மாதிரிப் படங்களின் பின்னால் அலைவதற்குத் தடை மட்டும் காரணமில்லை. அரசு மானியத்தில், கறுப்பின ரசிகர்களுக்கென்றே அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் வந்தன. பள்ளிக்கூடம், சர்ச் மண்டபம் என்று 16 மி.மீ. புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டினார்கள். ஓட்டி முடித்த பெட்டிகளைப் பத்திரப்படுத்த ஆளில்லை. அதனால் பெயர் தெரியாத ஒரு ரீல் கிடைத்தாலும் புதையல்தான்.

இதோ, என்னிடம் இருக்கும் ரீல். பழைய ஆப்பரேட்டர் ஒருவர் கொடுத்தது. வெளிச்சத்தில் பிடிக்கிறேன், பாருங்கள். வானம், புல், முகம் எல்லாமே இளஞ்சிவப்பு. அந்தக் காலத்துக் கலர் பிலிமில் நீலமும் பச்சையும் முதலில் வெளிறிவிடும், சிவப்பு மட்டும் மிஞ்சும். டப்பாவைத் திறந்தால் காடி வாடை மூக்கில் ஏறுகிறது. பிலிமின் அடிப்பொருளான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

உங்கள் தாத்தா யாராவது தியேட்டரில் வேலை பார்த்திருந்தால் பரணைக் கொஞ்சம் பாருங்கள். ரீல் கிடைத்தால் ஆசைப்பட்டுப் புரொஜெக்டரில் மாட்டிவிடாதீர்கள், சுருங்கிய பிலிம் பல்சக்கரத்தில் கிழிந்துவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காற்றோட்டமாக, குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஸ்கேன் செய்ய வழி பார்க்கலாம்.