தன்னை அறிவதும் தன்னைக் குடைவதும்

நேயர்களுக்கு வணக்கம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். மடியில் சொளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்ற வேண்டும். பழகிய கைக்குக் கண்கூட வேண்டாம். கை ஓட ஓட மனசும் ஓடும். "அன்னைக்கு அத்தை அப்படிச் சொன்னப்ப நான் ஏன் வாயடைச்சு நின்னேன்? எனக்கு மட்டும் ஏன் இப்படி?" இருட்டுகிற வரைக்கும் அதே கேள்விதான்.

தன்னைப் பற்றி இவ்வளவு யோசிப்பவருக்குத் தன்னைப் பற்றிய தெளிவு கூடத்தானே வேண்டும்? ஆனால் பலருக்குச் சோர்வுதான் கூடுகிறது. 1999-இல் டிராப்னெல், கேம்ப்பெல் என்ற உளவியலாளர்கள் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஆர்வத்தோடு தன்னைக் கவனிப்பது ஒன்று. பயத்தாலும் இழப்பாலும் தன்னையே குடைவது வேறொன்று. மனச்சோர்வோடு ஒட்டிக்கொண்டு வருவது இரண்டாவதுதான்.

1989-இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அங்கே ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களின் மனநிலையை அதற்குச் சில நாட்கள் முன்புதான் சூசன் நோலன் ஹோக்செமா என்ற உளவியலாளர் பதிவு செய்திருந்தார். நடுக்கத்துக்குப் பிறகு மறுபடி கேட்டபோது, துக்கத்தை அசைபோடும் பழக்கம் முன்பே உள்ளவர்களிடம் சோர்வு கூடுதலாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோர்ந்த மனசில் கெட்ட நினைவுகளே முந்திக்கொண்டு வரும். அந்த நேரத்தில் 'நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லை' என்று தோன்றுவது தீர்ப்பு அல்ல, நோயின் அறிகுறி. அப்படிப்பட்டவரிடம் போய், "நீயே உக்காந்து யோசிச்சுப் பாரு தாயி" என்று சொல்லாதீர்கள். அவர் யோசித்து யோசித்துத்தான் அந்த நிலைக்கு வந்திருக்கிறார்.

'ஏன் எனக்கு?' என்பதை விட்டு, 'இப்போ என்ன நடக்குது?' என்று கேட்டுப் பார்க்கலாம். நெஞ்சு கனக்குது, மூணு மணிக்கே முழிப்பு வருது, சோறு இறங்கலை. இப்படிச் சொல்லத் தெரிந்தால் மருத்துவரிடம் போய்ச் சொல்லவும் முடியும்.

எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், தூக்கம் எப்போது கெட்டது என்பதிலிருந்து தொடங்குங்கள்.